பக்கத்தால் தள்ளுவது யார்

எனக்கு நாற்றம் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிலருக்கு இறால் ஆகாது, சிலருக்குப் பூனை மயிர் ஆகாது, எனக்கு நாற்றம் ஆகாது. நீங்கள் தந்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருப்பது அதனால்தான். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. யாரோ மீன் தின்ற கையோடு அந்தக் கோப்பையைப் பிடித்திருக்கிறார்கள்.

நான் வந்தது மேசன் யோகராசா விஷயமாக. வவுணதீவிலிருந்து பாலம் கடந்து வந்து எங்கள் வளவின் அணைச்சுவரைக் கட்டியவர் அவர்தான். தண்ணீர் வடிவதற்குத் துளை விடாமல் கட்டியதால் சுவர் சரிந்தது, வீட்டின் பின்பக்கம் அதோடு போனது, உள்ளே நின்ற பெண் நசுங்கி மவுத்தானாள் என்று நீங்கள் அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பத்திரிகையில் படித்தேன். அது பிழையான முடிவு. துளைகள் இருந்தன. பிளான் என்னுடையது. நளீர் இஞ்சினியர் துளையில்லாமல் ஒரு அணைச்சுவருக்குப் பிளான் கீறினார் என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

நான் பிறந்தது ஓட்டமாவடி, கலியாணம் முடித்தது காத்தான்குடி. எங்களில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுக்காமல் நிக்காஹ் நடக்காது. கொடுத்த வீட்டிலிருந்து பெற்றவர்கள் ஒதுங்கி, அடுத்த மகளுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். ஒரு தகப்பனின் ஆயுள் முழுவதும் கல்லிலும் சீமெந்திலும் கழிந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பின்னால் படிக்கிறவர் வெளியூர்க்காரராக இருந்தால் அவருக்கும் விளங்கட்டும் என்று சொல்கிறேன்.

என் மாமனார் கச்சி முகம்மது துணி வியாபாரம் செய்தவர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் றஸீனா என் மனைவி. அவளுக்குத் தெருவோர வீட்டைக் கொடுத்தார். நல்ல மணல் தரை, நல்ல அத்திவாரம், அந்த வீட்டில் நான் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் மாமாவிடம்தான். விடிந்ததும் கிணற்றடியில் நின்று அடிவயிற்றிலிருந்து காறுவார். அந்தச் சத்தம் என் படுக்கையறை யன்னல் வழியாக நேரே உள்ளே வரும். சாப்பிட்ட கையைச் சாரனில் துடைப்பார். அதே கையால் என் மகள் நிஸ்றாவின் கன்னத்தைத் தடவுவார். அவர் போன பிறகு பிள்ளையின் முகத்தைக் கழுவிவிடும்படி றஸீனாவிடம் சொல்வேன். அவள் கழுவிவிடுவாள்.

இளையவள் ஸுஹைனா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தாள். அவளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. பையன் றிப்ஷான், கட்டாரில் வேலை, லீவில் வந்து நிக்காஹ் முடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவன். நாள் குறித்தாகிவிட்டது, வீடுதான் இல்லை. வளவில் இடமும் இல்லை. பின்னால் ஆறுதான் இருந்தது. வாவியை எங்கள் ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். மாமா ஆற்றை நிரப்பத் தொடங்கினார்.

எதைப் போட்டு நிரப்பினார் என்பதை நீங்கள் தோண்டும்போது பார்த்திருப்பீர்கள். உடைந்த ஓடு, தையல் கடைத் துண்டுத் துணி, கோழிக் கடைக் கழிவு, பிள்ளைகள் கழித்த பம்பஸ். உழவு இயந்திரப் பெட்டியில் வந்து கொட்டுவார்கள். மாமா கையில் குடையோடு நின்று, இஞ்ச கொட்டுங்க, அங்க கொட்டுங்க என்று கலியாணப் பந்தலுக்குப் பூ வைப்பவர் மாதிரிச் சந்தோஷமாக வேலை வாங்குவார். மேலே ஒரு படை கிறவல் மண் பரவியதும் பார்ப்பதற்குத் துப்புரவான தரையாகிவிட்டது. அந்தத் தரையை நான் செருப்பில்லாமல் மிதித்ததில்லை. கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்தவனுக்குக் கால் கூசும்.

அப்படியான நிலத்திலும் வீடு கட்டலாம். அதைத்தான் நான் படித்திருக்கிறேன். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டின் பாரம் கீழ்நோக்கி மட்டும் போகும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நெல்லைத் தரையில் குவித்துப் பாருங்கள். குவியலின் மேல் ஒரு பலகையை வைத்து அமர்த்துங்கள். நெல் பலகைக்குக் கீழே நிற்காது, நாலு பக்கமும் சரிந்து ஓடும். சாக்கில் போட்டுக் கட்டினால் நிற்கும். எங்கள் பின்வளவில் குப்பைதான் நெல், ஆற்றோரம் கட்டிய அணைச்சுவர்தான் சாக்கு. மேலே வீட்டை வைத்தால் குப்பை சுவரைத் தள்ளும். மழை பெய்து குப்பைக்குள் தண்ணீர் ஊறினால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து தள்ளும். இதைப் பக்கவாட்டுச் சுமை என்போம். அத்திவாரக் கணக்கில் பாதி இதுதான்.

நான் இரண்டு ஏற்பாடு செய்திருந்தேன். ஒன்று, ஆற்றுப் பக்கத்துத் தூண்களின் அடியை முன்பக்கத்து உறுதியான மணலில் நிற்கும் தூண்களோடு இழுத்துக் கட்டுகிற தரைப் பீம்கள். மற்றது, சுவரின் அடியில் வரிசையாகத் தண்ணீர் வடியும் துளைகள். அழகான பிளான் அது. இன்றைக்கும் அதை விரித்துப் பார்த்தால் எனக்கு மனம் நிறையும்.

மாமா பிளானைப் புரட்டிப் பார்த்தார். வெற்றிலைக் காவி படிந்த விரலால் என் கோடுகளின் மேல் தடவினார். இந்தப் பீம் எல்லாம் என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். பொறுமையாக, நெல்லுக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் யோகராசாவைப் பார்த்தார், வேலைக்காரர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வீடு கீழ்ப்பக்கமாத்தானே மருமகன் அமத்தும்? பக்கத்தால ஆரு வந்து தள்ளுற?”

“மண் தள்ளும் மாமா. தண்ணி தள்ளும்.”

“மண்ணுக்கு என்ன, கை இரிக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். கலவை சுமந்துகொண்டிருந்தவன்கூட நின்று சிரித்தான். சீமெந்துத் தூசியும் வியர்வையுமாக வாயைப் பிளந்து சிரித்த அந்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. பீம் போட்டால் நிக்காஹ் நாளுக்குள் வீடு முடியாது என்று மாமா சொன்னார். அது மெய். அதற்காக மண் தள்ளாமல் இருக்குமா. மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பது என் தரத்துக்குச் சரியில்லை. பீம்களை எடுத்துவிட்டுப் பிளானைத் திருத்திக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். துளைகளை மட்டும் எடுக்கவில்லை. துளைக்கு மேலதிகமாக நாள் பிடிக்காது என்பதால் மாமாவும் அதில் கை வைக்கவில்லை. யோகராசா பிளானில் உள்ளபடி குழாய்த் துண்டுகளை வைத்துத் துளை விட்டார். நல்ல வேலைக்காரர் என்று சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்தார்.

துளைகளைப் பற்றி ஸுஹைனா ஒருத்திதான் கேட்டாள். சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இது என்னத்துக்கு மச்சான் என்றாள். நான் களைத்திருந்தேன். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எதையும் விளக்குகிற மனநிலை எனக்கு அன்றைக்கு இல்லை. காற்று வாறதுக்கு என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் நம்புவாள். றஸீனா நம்பமாட்டாள், மாமி கைறுன்னிஸா எதையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார், மாமா சிரிப்பார். இவள் நம்புவாள்.

கலியாணச் சாப்பாடு புது வீட்டில் நடந்தது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் தின்னும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பரக்கத், இறையருள் என்பார்கள். எனக்கு அது ஆறு பேரின் எச்சில். என் பக்கத்தில் மாமா. இறைச்சியைத் தன் விரலால் பிய்த்து, எண்ணெய் வடிய என் பக்கத்துச் சோற்றில் வைத்தார். அன்பாகத்தான் வைத்தார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தின்றேன். அப்போது அவர் மற்ற நால்வரையும் பார்த்து, “எங்கட மருமகன்ட கணக்குப்படி இந்த வீடு ஆத்துக்கு நடந்து போகுமாம். இன்னும் ஒரு அடியும் எடுத்து வைக்கல்ல” என்றார். வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார்கள். ஒரு பருக்கை தெறித்து என் கை மேல் விழுந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன் என்று றஸீனா பிறகு சொன்னாள்.

றிப்ஷான் கட்டாருக்குத் திரும்பிப் போனான். ஸுஹைனாவோடு மாமாவும் மாமியும் புது வீட்டில் குடியிருந்தார்கள். பிறகு கச்சான் காற்றுக் காலம் வந்தது. ஆற்றுப் பக்கமிருந்து சூடாக அடிக்கும் அந்தக் காற்றோடு நாற்றமும் வந்தது. குப்பை உள்ளே அழுகி, அதன் சாறு துளைகள் வழியாகக் கறுப்பாகக் கசிந்து சுவரில் வடிந்தது. துளை செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்த நாற்றம் என் தலையணையில் ஏறிவிட்டது. உடுப்பில், தேத்தண்ணீரில், நிஸ்றாவின் தலைமுடியில் எல்லாம் அதே நாற்றம். ஒரு கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தபோது, நானே சீமெந்து குழைத்து எடுத்துக்கொண்டு போய்த் துளைகளை அடைத்தேன். கையுறை போட்டு, மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடைத்தேன். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அடைத்தால் என்ன ஆகும் என்று குழைக்கும்போதே எனக்குத் தெரியும். அந்தத் துளைகளின் வேலை என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அந்த வளவில் நான்தான். நாற்றம் ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம். நாற்றம் வென்றது. இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது.

மாரிக்கு முன் திறந்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. அன்று பின்னேரம் மாமா சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முற்றத்துக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“இப்பதான் மருமகன் உருப்படியா ஒரு வேல செஞ்சிரிக்கார்” என்றார்.

பத்து வருடமாக அந்தக் குடும்பத்தில் இருக்கிறேன். ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கட்டடம் கட்டிய என்னை அவர் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அதுவும் ஒரு சுவரைச் சாகக் கொடுத்ததற்காக. எனக்கு வந்த அருவருப்பைச் சொல்ல வார்த்தை இல்லை. அந்த நிமிடத்தில்தான் துளைகளைத் திறக்கும் எண்ணத்தை விட்டேன். பக்கத்தால் யார் தள்ளுகிறார்கள் என்று அவர் ஒருநாள் தன் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன் அறியாமையைத் தானே பார்க்க வேண்டும் என்று விரும்புவது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது.

மாரி தொடங்கியதும் புது வீட்டின் பின்னறைச் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. மயிர் அளவுதான். கீறல் அசைகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைக் கீறலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு நுனியையும் சீமெந்தால் ஒட்டிவிடுவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி வெடிக்கும். கண்ணாடிக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஸுஹைனா பக்கத்தில் வந்து நின்றாள். இது என்ன செய்யும் மச்சான் என்று கேட்டாள். இது சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். பயப்படுத்த வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் போய் உம்மாவிடம் சொன்னாள், உம்மா வாப்பாவிடம் சொன்னார், மச்சானின் கண்ணாடி இருக்கும்வரை வீடு நிற்கும் என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. மாமாகூட அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பீமை நம்பாத மனிதர் கண்ணாடித் துண்டை நம்பினார். இப்படிப்பட்டவர்களோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

கண்ணாடி வெடித்தது. அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் புதிய துண்டொன்றை ஒட்டினேன். அதுவும் வெடித்தது. மறுபடியும் ஒட்டினேன். வெடித்ததை அவர்கள் பார்த்தால் கேள்வி கேட்பார்கள், அழுவார்கள், ஊரைக் கூட்டுவார்கள். எனக்குக் கூச்சல் ஆகாது.

பிறகு வெள்ளம். இந்த வருட மாரி எப்படி அடித்தது என்று நீங்களே கண்டீர்கள். ஆறு பெருகி அணைச்சுவரின் விளிம்புவரை வந்தது. பின்வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் பாய், தலையணை, சட்டி பானையோடு முன்வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு வந்தார்கள். றஸீனாவின் வீடு என்று நீங்கள் திருத்தலாம். சரி. ஈரப் பாயின் புழுங்கல் நாற்றம் வரவேற்பறை முழுக்க. மாமா இப்போது கிணற்றடிக்குப் போகாமல் என் குளியலறையிலேயே காறினார். என் துவாயில் முகம் துடைத்தார். அந்த நாட்களில் நான் யாரிடமும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. றஸீனாவைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஆறு நிறைந்திருந்தபோது சுவருக்கு ஆபத்தில்லை. உள்ளே ஊறிய தண்ணீர் சுவரை வெளியே தள்ளியது, வெளியே நின்ற ஆறு உள்ளே தள்ளியது. இரண்டு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒருவன் எழுந்து போனால் மற்றவன் விழுவான். ஆறு இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். ஊரில் எல்லாருக்கும் அது தலைகீழாகத் தெரியும். தண்ணீர் ஏறினால் ஓடுவார்கள், இறங்கினால் திரும்பி வந்து வீடு கழுவுவார்கள். பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். துளை திறந்திருந்தால் உள்ளே நின்ற தண்ணீரும் ஆற்றோடு சேர்ந்து இறங்கியிருக்கும், அந்தப் பழக்கத்தால் ஒரு கெடுதியும் வந்திராது.

மேற்குக் கரையில் வட்டை வட்டையாக நெல் வேளாண்மை தண்ணீருக்குள் கிடந்ததால், முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்கு விடப் போகிறார்கள் என்று ஒரு பின்னேரம் செய்தி வந்தது. மறுநாள் காலையில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் இறங்குமாம். எங்கள் வீட்டில் எல்லாரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நான் றஸீனாவிடம், உம்மாவைப் பார்த்துக் கனநாள், நாளைக்கு நிஸ்றாவையும் கூட்டிக்கொண்டு ஓட்டமாவடிக்குப் போய்வருவோம் என்றேன். ஊரில் நின்றால் அவர்கள் இருவரும் பின்வீட்டைக் கழுவ உதவிக்குப் போவார்கள். அதை நான் விரும்பவில்லை. எந்தத் தகப்பன் விரும்புவான்.

முகத்துவாரம் வெட்டியாயிற்று. நாங்கள் வெளிக்கிட்டபோது ஆறு இறங்கத் தொடங்கியிருந்தது. சுவரில் ஈரக்கோடு தெரிந்தது. மாமா படலையடியில் நின்றார்.

“தண்ணி வத்துது மருமகன். நாங்க இனி அங்கிட்டுப் போகலாமா?”

அவர் என்னிடம் ஆலோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. காவிப் பல்லும் பீளை கட்டிய கண்ணுமாக, மரியாதையாக, பதிலுக்குக் காத்து நின்றார். என் துவாய் அவர் தோளில் கிடந்தது.

“ஓம் மாமா, போங்க. தண்ணி இறங்கினாப் பயமில்லதானே.”

தன்னாமுனை தாண்டும்போது நிஸ்றா தூங்கிவிட்டாள். ஓட்டமாவடியில் உம்மா எனக்கென்று தனித் தட்டு வைத்திருப்பார். நடுப்பகல், லுஹர் நேரம், நான் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஸுஹைனா. அந்தப் பேச்சை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

“மச்சான், கண்ணாடி வெடிச்சிட்டு. கீறலுக்குள்ள என்ட விரல் போகுது.”

அங்கே வேறு யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். உம்மா முன்வீட்டில் சமைக்கிறார், வாப்பா தொழப் போயிருக்கிறார், தான் மட்டும்தான் என்றாள். எனக்கு உண்மையில் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

“வாப்பா வந்ததும் கூட்டி வந்து அந்த இடத்தக் காட்டுங்க. அது வரைக்கும் கண்ணாடிய டேப்பால ஒட்டி வைங்க.”

“டேப் புடிக்குமா மச்சான்?”

“ஓம்.”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த றஸீனா யார் என்று கேட்டாள். வேலை விஷயம் என்றேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது சனம் கூடியிருந்தது. அணைச்சுவர் ஆற்றுக்குள் குப்புறக் கிடந்தது. பின்னறை அதன் மேல் கிடந்தது. குப்பை எல்லாம் வெளியே வந்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது நாற்றம்தான். நீங்கள் உண்மையைத்தானே கேட்கிறீர்கள். லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றேன். பம்பஸுக்கும் துணித் துண்டுகளுக்கும் நடுவிலிருந்து அவளை எடுத்தார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று டேப் உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டியிருந்தாள். சுவரில் மிச்சமிருந்த துண்டில் கண்ணாடி அப்படியே இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, காகிதக் கொப்பிக்கு உறை போடுகிற மாதிரி, ஓரம் மடங்காமல் ஒட்டியிருந்தாள். எவ்வளவு நேரம் நின்று ஒட்டினாளோ தெரியாது. ஓடுவதற்கு அவளுக்கு நேரம் இருந்திருக்கிறது என்று அதைப் பார்த்தாலே விளங்கும்.

ஜனாஸா எடுத்த பிறகு றஸீனா என் உடுப்புகளைப் பையில் போட்டுப் படலையடியில் வைத்தாள். வீடு அவளுடையது, போக வேண்டியவன் நான்தான், எங்கள் வழக்கம் அப்படி. “எங்கள மட்டும் கூட்டிப் போனயளே” என்றாள். கூட்டிப் போனதற்கு நன்றி சொல்ல வேண்டியவள் அவள்.

மாமா உடைந்த தரையின் விளிம்பில் குந்திக்கொண்டிருந்தார். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். “மருமகன் சொன்னார், பக்கத்தால தள்ளும் எண்டு. நான்தான் சிரிச்சன். என்ட புள்ளய நான்தான் கொண்டன்.” மூக்குச்சளி வடிந்தது, அவர் துடைக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டேன். அந்த வசனத்துக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னேன். கேட்டபோது அவர் சரியாகச் சொல்கிறார் என்றுதான் பட்டது. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். நீங்கள் யோகராசாவைப் பிடித்துக்கொண்டுபோய், பிளானிலும் சுவரிலும் துளை இல்லை என்று எழுதியதால்தான் வர வேண்டியதாயிற்று.

இடிந்த சுவரைப் புரட்டிப் பாருங்கள். அடிவரிசையில் வட்டம் வட்டமாக வேறு நிறத்தில் சீமெந்து தெரியும். அது என் கை வேலை. நன்றாகச் செய்திருக்கிறேன், ஒன்றில்கூட ஒரு சொட்டுக் கசிவில்லை. அடைத்தது நான். கண்ணாடி மாற்றியது நான். போகச் சொன்னதும் நான், ஒட்டச் சொன்னதும் நான். மாமாவை அந்தச் சுவரடியில் நிறுத்துவதற்காகத்தான் இவ்வளவும். ஸுஹைனா எனக்கு ஒரு கெடுதியும் செய்ததில்லை, அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் கண்ணாடி சுவரைத் தாங்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தி அதை நம்பிக்கொண்டு நின்றாள் என்றால், அந்த அறியாமையை என் கணக்கில் எழுத முடியாது.

யோகராசாவை வீட்டுக்கு அனுப்புங்கள். மற்றதை உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். துளைகள் என் பிளானில் இருந்தன என்பதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள்.